முட்டையை விழுங்கினவள்

கட்டிலின் கால்மாட்டுப் பக்கம் மட்டும் இரண்டிரண்டு செங்கல் கொடுத்து உயர்த்தியிருந்தார்கள். தலை தாழ்ந்தும் கால் உயர்ந்தும் படுத்திருக்க வேண்டும் என்பது டாக்டரின் உத்தரவு. கர்ப்பப்பையின் வாயில் தையல் போட்டிருந்தது. கழிப்பறைக்குப் போக, குளிக்க, இவ்வளவுக்குத்தான் எழுந்திருக்கலாம்.

படுத்திருந்தவளை வீட்டிலும் தெருவிலும் செக்கர் என்றுதான் சொல்வார்கள். சட்டை தைக்கிற கம்பெனியில், தைத்து முடித்ததை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக் குறை கண்டுபிடிப்பது அவள் வேலை. தையல் ஒரு நூல் விலகினாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. அப்படிப்பட்ட கண்ணை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் கூரையைப் பார்த்துக் கிட என்றால் அது தண்டனைதான். கூரைப் பூச்சில் எங்கெங்கே வெடிப்பு, எந்த மூலையில் கொத்தனார் ஏமாற்றியிருக்கிறார் என்பதையெல்லாம் அவள் ஒரே வாரத்தில் சொல்லி முடித்துவிட்டாள். அதற்குப் பிறகு அவளுக்கு நினைப்பதற்கு ஒன்றுதான் மிச்சம். இதற்கு முன் இரண்டு முறை உண்டாகி இரண்டு முறையும் தங்கவில்லை. இது மூன்றாவது.

அவள் கணவன் பிளம்பர். வாயால் ஆறுதல் சொல்லத் தெரியாத ஆள். சொல்ல ஆரம்பித்தால் பாதியில் குழாய் பற்றிப் பேசிக்கொண்டிருப்பான். அவன் வேலை பார்த்த ஒரு வீட்டுக்காரர் ஊரைக் காலி செய்துகொண்டு போகும்போது, ஆள் நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டியை "வேணும்னா எடுத்துக்கப்பா" என்று கொடுத்துவிட்டார். அதைத் துணைக்கு மூன்று பேரைப் பிடித்துத் தூக்கிவந்து, கட்டிலில் கிடப்பவளுக்கு நேர் எதிரே இரும்பு ஸ்டாண்டில் ஏற்றி வைத்தான்.

"இது எதுக்குங்க?" என்றாள் செக்கர்.

"மீன் விடலாம். சிக்லிட்டுன்னு ஒரு மீன் இருக்காம். கல்லுக்குள்ள குடியிருக்குமாம். பாத்துக்கிட்டே இருக்கலாம்னு மீன் விக்கிற கடைக்காரர் சொன்னாரு."

மாமியார் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். ஒரு விடுதியில் சமையல்காரராக இருந்து, மருமகளைப் பார்த்துக்கொள்வதற்காக லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். வாய் ஓயாத மனுஷி.

"இவ்வளவு பெருசு வளக்கறீங்க. ஒரு நாளாவது வறுக்கலாமா?"

"அம்மா, இது பாக்கற மீன்."

"பாத்துட்டுத்தான்டா வறுப்பாங்க."

கல் பொறுக்குவது முதல் வேலை. பிளம்பர் போகிற இடங்களில் அஸ்திவாரம் தோண்டிய மண்மேட்டிலிருந்து மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்தான். சோப்பு போடாமல் வெறும் பிரஷ்ஷால் தேய்த்து, வெயிலில் காயவைத்து, ஒவ்வொன்றின் மேலும் இரண்டு சொட்டு வினிகர் விட்டுப் பார்த்தான். மற்ற மீன்களுக்கென்றால் நுரைக்கிற கல்லைத் தூக்கி எறிய வேண்டும். இந்த மீனின் பூர்வீகம் பாறை நிறைந்த ஏரி, தண்ணீரில் கொஞ்சம் சுண்ணாம்புச் சத்து இருந்தால்தான் அதற்கு ஒத்துக்கொள்ளும். அதனால் நுரைக்கிற கல்லை எல்லாம் சேர்த்துவை என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். முற்றத்தில் உட்கார்ந்து மகன் கல்லுக்குச் சொட்டு மருந்து விடுவதைப் பார்த்து மாமியார் தலையில் அடித்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை அடுக்க ஆரம்பித்தான். மணலைப் பரப்பி அதன்மேல் கல்லை வைத்தான். செக்கர் படுத்தபடியே கேட்டாள்.

"கல்லுக்கு அடியில என்ன இருக்கு?"

"மணல்."

"மீன் மணலத் தோண்டும்னு சொன்னாருல்ல? தோண்டினா கல்லு எங்க போகும்?"

"கீழ எறங்கும்."

"கீழ என்ன இருக்கு?"

பிளம்பர் கொஞ்ச நேரம் தொட்டியைப் பார்த்தான். பிறகு மணலை முழுக்க வாரி வெளியே போட்டு, கண்ணாடியின் மேல் தெர்மாகோல் அட்டையை விரித்து, பெரிய கல்லை அதன்மேல் அசையாமல் உட்காரவைத்து, கடைசியாகச் சுற்றிலும் மணலைக் கொட்டினான். இனி எவ்வளவு தோண்டினாலும் கல் இறங்காது.

அடுத்த தகராறு அடுக்குவதில் வந்தது. மத்தியானம் வரை மெனக்கெட்டு, கல்லோடு கல் கச்சிதமாகப் பொருந்தும்படி அடுக்கி, சந்து தெரிந்த இடத்தில் சின்னக் கல்லைச் சொருகி, அவன் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தான்.

"இது என்னங்க, செவுரா?"

"உறுதியா இருக்கணும்ல."

"உறுதியாத்தான் இருக்கு. மீன் எங்க குடியிருக்கும்? ஓட்டையக் கண்டா அடைச்சிடறதே உங்களுக்குப் பொழப்பாப் போச்சு. பிரிங்க."

பிரித்தான். அவள் சொல்லச் சொல்ல அடுக்கினான். "அந்தத் தட்டையான கல்ல எடுங்க. அது இல்ல, ஓரம் ஒடஞ்சிருக்கே, அது. ரெண்டு காலு மேல கூரை மாதிரி வைங்க. பின்னாடியும் ஒரு வழி விடுங்க. ஒருத்தன் தொரத்திட்டு வந்தா இன்னொருத்தி தப்பிச்சுப் போகணும்ல. ஒவ்வொரு வீட்டுக்கும் ரெண்டு வாசல்." பொழுது சாய்வதற்குள் பிளம்பரின் இடுப்பு கழன்றுவிட்டது. ஆனால் கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவள் இவ்வளவு நேரம் விடாமல் பேசி அவன் கேட்டதில்லை. அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது.

தண்ணீர் நிரப்பி, அது மீனுக்குப் பக்குவமாவதற்குச் சில வாரம் விட்டார்கள். அப்புறம் கடைக்காரரே மீன்களைக் கொண்டுவந்தார். மெலிந்த மனிதர், நிறுத்தாமல் பேசுகிறவர், ஆனால் பேசுவதெல்லாம் மீனைப் பற்றித்தான். பிளாஸ்டிக் பைகளை ஜன்னல் கம்பியில் வரிசையாகக் கட்டித் தொங்கவிட்டார். வெயில் பட்டு அறை முழுக்க மஞ்சளும் நீலமும் ஆடின.

"இதெல்லாம் மஞ்சள். சாதுவான ஜாதி. அந்த நீலக்கோடு கொஞ்சம் முரடு. பாத்து எடுத்துக்குங்கம்மா. ஆண் ஒண்ணு, பொண்ணு நாலஞ்சு. அப்பத்தான் ஒருத்தியையே போட்டு வதைக்க மாட்டான்."

செக்கர் ஒவ்வொரு பையையும் சட்டையைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தாள். முன்புறம், பின்புறம், ஓரம். "இதுக்கு முதுகு வளைஞ்சிருக்கு, வேணாம். இது வயிறு ஒட்டியிருக்கு. நீலம் எதுவும் வேணாம், வீட்ல சண்டை எதுக்கு." கடைசியில் மஞ்சள் கூட்டம் ஒன்று உள்ளே போயிற்று. கடைக்காரர் வெளியே வந்து செருப்பைப் போடும்போது, "உங்க வீட்டம்மா என் கடைக்கு வேலைக்கு வந்தா நான் போண்டியாயிருவேன்" என்று பிளம்பரிடம் சொன்னார்.

அதன்பிறகு அந்த வீட்டில் மணி பார்ப்பது குறைந்தது. யார் எந்தப் பொந்துக்குக் குடிபோனார்கள், யாரை யார் துரத்தினார்கள் என்று சாப்பாட்டோடு செய்தி வந்தது. வறுக்கலாமா என்று கேட்ட மாமியாரே காய் நறுக்குகிற பலகையைத் தூக்கிக்கொண்டு தொட்டி முன் உட்கார்ந்தார்.

ஒரு நாள் செக்கர்தான் பார்த்தாள். ஒரு பெண் மீன் சாப்பாடு போட்டும் வரவில்லை. தாடை உப்பியிருந்தது. பிளம்பர் போன் போட்டுக் கேட்டான். கடைக்காரர் சிரித்தார்.

"வாய்க்குள்ள முட்டை இருக்கு. இந்த ஜாதியில தாய் வாயிலதான் அடைகாக்கும். குஞ்சு நீந்தற வரைக்கும் பட்டினி கெடக்கும். யாரும் தொந்தரவு பண்ணாதீங்க."

மாமியாருக்கு நம்ப முடியவில்லை. பசியோடு பிள்ளையை வாயில் வைத்துக்கொண்டு விழுங்காமல் இருக்கிறதா என்று கண்ணாடியில் மூக்கு படக் குனிந்து பார்த்தார். அன்றிலிருந்து காலையில் எழுந்ததும் முதல் விசாரிப்பு தொட்டிக்கு, இரண்டாவது மருமகளுக்கு. "ரெண்டு பேரும் சமத்தா இருங்க. நான் ஒருத்திதான் பாக்கணும்" என்பார். செக்கர் கட்டிலிலிருந்து சிரிப்பாள்.

அந்தச் சமயத்தில்தான் ஸ்கேன் எடுக்கப் போனார்கள். எடுத்து முடித்ததும் டாக்டர் பிளம்பரை மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டுப் பேசினார். திரும்பி வந்தவன் "எல்லாம் நல்லா இருக்காம்" என்றான். சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக் குழாய் ஒழுகுவதைப் பற்றிப் பேசினான். வீட்டுக்கு வந்ததும் அம்மாவும் மகனும் பின்கட்டில் நின்று கிசுகிசுத்தார்கள். அவளிடம் மூச்சு விடக்கூடாது என்று முடிவாயிற்று. அன்று முதல் மாமியார் மருமகளைத் திட்டுவதை அடியோடு நிறுத்திவிட்டார். பால் டம்ளரை அப்படியே வைத்தாலும் ஒரு வார்த்தை இல்லை. "அசையுதாம்மா?" என்று மட்டும் அடிக்கடி கேட்டார்.

இப்படி இருக்கையில் ஒரு காலைப்பொழுது, செக்கர் கண்மூடிக் கிடந்தபோது, மாமியார் வழக்கம்போலத் தொட்டிப் பக்கம் போனார். தாய் மீனின் தாடை ஒட்டியிருந்தது. மற்ற மீன்களோடு சேர்ந்து மணலில் கிடந்த தீனியைப் பொறுக்கிக்கொண்டிருந்தது. குஞ்சு எதுவும் இல்லை. மகனைப் பின்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார். கடைக்காரருக்குப் போன் போட்டார்கள்.

"முதல் தடவை பெரும்பாலும் முழுங்கிரும். அதுக்கே பழக்கம் இல்லல்ல. அடுத்த தடவை பாருங்க" என்றார் அவர், ஏதோ பஸ் போய்விட்டது மாதிரி.

அடுத்த தடவை என்ற பேச்சை அந்த வீட்டில் யாரும் கேட்கத் தயாராக இல்லை.

"இவ பாத்தா ஒடஞ்சு போயிருவாடா. கடையில முட்டையோட வேற ஒண்ணு இருக்கான்னு கேளு. கொண்டாந்து விட்டுட்டு இதைக் குடுத்துரு. பாக்க எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கு" என்றார் மாமியார்.

இருந்தது. போய் வாங்கி வந்து பின்கட்டில் பையோடு மறைத்துவைத்தான். செக்கரைக் குளிக்கக் கூட்டிப்போகும் நேரத்தில் மாற்றிவிடுவது என்று திட்டம். குளியலறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் மருமகளை உட்காரவைத்து மாமியார் முதுகு தேய்த்தார், மறுபடி தேய்த்தார். இல்லாத அழுக்கை எல்லாம் தேய்த்தார்.

"அத்தை, தோலு உரிஞ்சிரும்."

"இரும்மா, கழுத்துல கொஞ்சம் இருக்கு."

வெளியே பிளம்பர் வலையோடு திண்டாடினான். ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு வாசல் வைத்துக் கட்டியாயிற்றே. இந்தப் பக்கம் வலையைக் கொடுத்தால் அந்தப் பக்கம் போயிற்று. வேறு வழியில்லாமல் கல்லை எல்லாம் வெளியே எடுத்து, வெறும் மணலில் வைத்துப் பிடித்து, வாளியில் போட்டு, புதியதை விட்டு, கல்லைத் திரும்ப அடுக்கினான். அவசரத்தில் எது எங்கே இருந்தது என்று பாதி மறந்துபோயிற்று. வாளியை மூடி வண்டியில் வைத்துக்கொண்டு கடைக்குப் போய்க் கொடுத்துவிட்டு, ஈரச்சட்டையோடு திரும்பி வந்தபோது செக்கர் தலையைத் துவட்டிக்கொண்டு கட்டிலில் படுத்திருந்தாள். தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கல்ல யாரு தொட்டது?"

பிளம்பர் தன் அம்மாவைப் பார்த்தான். மாமியார் துண்டை மடித்தார்.

"ஃபில்டர்ல அழுக்கு அடைச்சிருந்துச்சு. அதான் கொஞ்சம் எடுத்து..."

"ஓரம் ஒடஞ்ச கல்லு கூரையில இருந்துச்சு. இப்ப காலா நிக்குது. ஃபில்டர் அந்தப் பக்கம். கல்லு இந்தப் பக்கம்." அவள் குரலை உயர்த்தவில்லை. "அந்த மூலையில நிக்கிறவ யாரு?"

"அவதான். முட்டைக்காரி."

"அவ இல்ல. அவளுக்கு முதுகுத் துடுப்புல கறுப்புக்கோடு நடுவுல விட்டுப்போயிருக்கும். இவளுக்கு முழுசா இருக்கு." கண்ணைத் தொட்டியிலிருந்து கணவன் பக்கம் திருப்பினாள். "அவ முழுங்கினத நேத்து சாயங்காலமே பாத்துட்டேன். நீங்க சொல்றீங்களான்னு பாக்கலாம்னு இருந்தேன்."

மாமியார் மடித்த துண்டையே பிரித்து மறுபடி மடித்தார்.

"டாக்டர் வராந்தாவுல என்ன சொன்னாரு?" என்றாள் செக்கர்.

"அதான் சொன்னேனே, நல்லா..."

"அத்தை என்னைத் திட்டி எத்தனை நாளாச்சு தெரியுமா? அவங்க திட்டாம இருக்கும்போதே எனக்குத் தெரியும். சொல்லுங்க."

பிளம்பர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான். ஆறுதல் சொல்லத் தெரியாதவனுக்கு உண்மையைச் சொல்வது அவ்வளவு கஷ்டமாக இல்லை, ஆரம்பித்ததும் வந்துவிட்டது.

"கொழந்தை மாசத்துக்கேத்த எடை இல்லையாம். சுத்தி இருக்கற தண்ணியும் குறைவாம். அடுத்த ஸ்கேன்லயும் ஏறலன்னா முன்னாடியே எடுத்துரணும்னாரு. எடுத்தா கண்ணாடிப் பெட்டியில வச்சுப் பாப்பாங்களாம். அசைவு குறைஞ்சா மட்டும் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காம கூட்டிட்டு வரச் சொன்னாரு."

"பொழைக்குமா?"

"நெறைய பொழைச்சிருக்குன்னாரு. உறுதியா சொல்ல மாட்டேன்னும் சொன்னாரு."

அவள் அழுதாள். முகத்தை மூடிக்கொள்ளாமல், கண்ணீர் இரண்டு பக்கமும் காதுக்குள் இறங்க, படுத்தபடியே அழுதாள். தலை தாழ்ந்து கிடப்பவர்கள் அப்படித்தான் அழ முடியும். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"அசைவு குறையுதான்னு யாரு பாக்கறது? நீங்களா? அத்தையா? என் வயித்துக்குள்ள இருக்கறது எனக்குத்தானே தெரியும். என்கிட்ட சொல்லாம யாருகிட்ட சொல்லி வச்சீங்க?"

பிளம்பருக்கு அது உறைக்கவே இல்லை இத்தனை நாள். இப்போது உறைத்தது.

"சரி. போய் அவளக் கூட்டிட்டு வாங்க" என்றாள்.

"யாரை?"

"முழுங்கினவளத்தான்."

"அது எதுக்கு இப்ப? அங்க நூறு மஞ்சள் இருக்கும். எப்படித் தேடறது? இது முட்டையோட நல்லா இருக்குல்ல..."

"அவளுக்கு நிக்கலன்னு கடையில விட்டுட்டு நிக்கிறவளக் கொண்டாந்துட்டீங்க. எனக்கும்தான் ரெண்டு தடவை நிக்கல. இதுவும் நிக்கலன்னா என்னை எந்தக் கடையில விடுவீங்க?"

கேள்வி போய்ப் பட்டது பிளம்பர்மேல் இல்லை, மாமியார்மேல். இரண்டாவது முறை தங்காமல் போன சமயத்தில், அடுப்படியில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு, மாமியார் தன் தங்கையிடம் பேசியிருந்தார். இவளுக்கு நிக்காது போலிருக்கு, பையனுக்கு வேற ஒருத்தியைப் பாத்தா என்ன என்று. தங்கை அதட்டி வாயை அடைத்துவிட்டாள். பேச்சு அதோடு முடிந்தது. இந்த வீட்டில் அடுப்படிக்கும் படுக்கை அறைக்கும் நடுவே ஒற்றைச் சுவர்தான்.

மாமியார் துண்டைக் கொடியில் போட்டார். அலமாரியிலிருந்து பையை எடுத்தார்.

"நீ இவகூட இருடா. நான் போறேன்."

"உனக்குக் கடை தெரியாதும்மா."

"வாய் இருக்கு, கேட்டுப் போறேன்."

கடை, பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. சுவர் முழுக்கத் தொட்டிகள், மோட்டார் இரைச்சல், ஈர நெடி. கடைக்காரர் விஷயத்தைக் கேட்டுவிட்டு ஒரு தொட்டியைக் காட்டினார். உள்ளே மஞ்சள் மஞ்சளாக ஒரு கூட்டமே சுற்றிக்கொண்டிருந்தது. மாமியார் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். இவ்வளவு நாள் பக்கத்தில் உட்கார்ந்து பேசியது வீண். ஒன்றும் தெரியவில்லை. எல்லாம் ஒரே மாதிரிதான் இருந்தன. தயங்கித் தயங்கி மகனுக்குப் போன் போட்டு, முகம் தெரிகிற மாதிரிப் போட்டு மருமகளிடம் கொடுக்கச் சொல்லி, தன் போனைக் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்தார்.

"ஏம்மா, தெரியுதா?"

"அசைக்காதீங்க அத்தை. கீழ. இன்னும் கீழ. இல்ல, அது ஆம்பளை." மாமியார் போனை மெல்ல நகர்த்தினார். "பைப்புக்குப் பின்னாடி ஒருத்தி ஒதுங்கி நிக்கிறா பாருங்க. திரும்பட்டும். அவதான்."

கடைக்காரர் வலையை விட்டார். அவர் நல்லவர், கடைக்கு வந்தவரிடம் உள்ளதைச் சொல்லுகிறவர். "அம்மா, இது முழுங்கின மீன். சிலது ஒவ்வொரு தடவையும் முழுங்கும். கடைசி வரைக்கும் குஞ்சு விடாமலே போகும். வேணும்னா வாயில முட்டையோட இன்னொண்ணு இருக்கு, தரட்டுமா?"

போன் இன்னும் அணையவில்லை. மாமியாருக்கு அது தெரியும்.

"குஞ்சு விடாட்டிப் போகட்டும். இது எங்க வீட்டுது. இதையே குடுங்க."

பஸ்ஸில் பையை மடியில் வைத்து, வெயில் படாமல் முந்தானையால் மூடிக்கொண்டு வந்தார். பக்கத்தில் உட்கார்ந்தவள் என்ன மீன் என்று கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. வாய் ஓயாதவர் வழியெல்லாம் பேசாமல் வந்தது அன்று ஒரு நாள்தான்.

வீட்டில் பிளம்பர் சட்டையைக் கழற்றிவிட்டு, மனைவி சொல்லச் சொல்ல, கல்லைத் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தான். கூரையில் இருந்தது கூரைக்கும், காலில் இருந்தது காலுக்கும் போயிற்று. முட்டையோடு வந்த புதியவளுக்கும் ஒரு மூலையில் தனியாக ஒரு பொந்து விடச் சொல்லியிருந்தாள் செக்கர். மாமியார் பையை அவள் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினார்.

"இவதானா?"

"இவதான்."

"அசையுதாம்மா?"

"இப்பத்தான் ஒதைச்சுது. வலது பக்கம்." அவள் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டிருந்தாள். "நான் பாத்துக்கறேன் அத்தை. பைய மொதல்ல தண்ணி மேல மெதக்க விடுங்க. ஒடனே கொட்டக் கூடாது. அவளுக்குச் சூடு பழகணும்."

மாமியார் நாற்காலியை இழுத்துப்போட்டு ஏறி நின்று, பையைத் தண்ணீரில் வைத்து, அதன் வாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். மருமகளுக்கு முதுகைக் காட்டியபடி நின்றிருந்தார். அப்படி நின்றால்தான் பேச வந்தது.

"அன்னிக்கு அடுப்படியில நான் பேசினது உனக்குக் கேட்டுச்சாம்மா?"

"கேட்டுச்சு அத்தை."

பிளம்பர் கையில் ஒரு கல்லோடு நிமிர்ந்து இரண்டு பேரையும் பார்த்தான். அவனுக்கு அது என்ன பேச்சு என்று தெரியாது. யாரும் அவனுக்குச் சொல்லவும் இல்லை.

"தப்பாப் பேசிட்டேன்."

மீன் பைக்குள் ஒரு சுற்று வந்து கண்ணாடியைப் பார்த்து நின்றது.

"பைய சாயாமப் பிடிங்க அத்தை. இன்னும் கொஞ்ச நேரம் ஆகும்."

"ஆகட்டும்" என்றார் மாமியார். கை வலித்தும் பையை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.